பதினைந்து பந்து தரிசனம்

திருமலையில் நாள் தவறாமல் கணக்குச் சொல்லிவிடுகிறார்கள். நேற்று தரிசனம் செய்தவர்கள் இத்தனை பேர், மொட்டை போட்டுக்கொண்டவர்கள் இத்தனை பேர், உண்டியலில் விழுந்தது இத்தனை கோடி, இலவச வரிசையில் காத்திருக்க வேண்டியது இத்தனை மணி நேரம். சித்தூரிலும் திருப்பதியிலும் காலையில் பேப்பரைப் புரட்டுகிறவர்களுக்கு இது தங்கம் விலை மாதிரி. அன்றைக்கு மலையேறப் போகாதவர்களும் ஒரு கண் ஓட்டிவிட்டுத்தான் மறுபக்கம் போவார்கள். சாதாரண நாளிலேயே 60,000, 70,000 பேர். கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் பக்தர்களை நிறுத்திய அந்த இரண்டு மூன்று மாதங்களை விட்டால், கூட்டம் குறைகிறதே என்று இந்த ஊரில் யாரும் கவலைப்பட்டுப் பார்த்ததில்லை.

அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டங்களுக்கும் இப்படியொரு கணக்கு உண்டு. அங்கே ஸ்கோர் அட்டையின் அடியில் எத்தனை பேர் வந்தார்கள் என்று போடுவார்கள். அதனால்தான் 1979 ஏப்ரல் 17 அன்று ஓக்லண்ட் அத்லெடிக்ஸ் அணியின் சொந்த மைதானத்துக்கு 653 பேர் வந்தார்கள் என்று இன்றைக்கும் சொல்ல முடிகிறது. 1972 முதல் 1974 வரை தொடர்ந்து மூன்று முறை உலகத் தொடரை வென்ற அணி அது. ஐந்தே வருடத்தில் 653 பேர். பின்னாளில் உரிமையாளர் அணியை லாஸ் வேகாசுக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்தார். ஊரில் ஆதரவில்லை என்ற பேச்சு எழுந்ததும், 2023 ஜூன் 13 அன்று ரசிகர்கள் பேசிவைத்துக்கொண்டு 27,759 பேராகத் திரண்டு வந்து, அணியை விற்றுவிட்டுப் போ என்று உரிமையாளரைப் பார்த்துக் கத்தினார்கள். 2024 செப்டம்பர் 26 அன்று அங்கே நடந்த கடைசி ஆட்டத்துக்கு 46,889 பேர். அணி போயே போய்விட்டது. எண்ணிக்கை கையில் இருந்தும் அவர்களுக்கு நியாயம் கிடைக்கவில்லை. ஆனால் சண்டை போடுவதற்காவது ஒரு எண் இருந்தது.

நம் ரஞ்சிக் கோப்பை ஸ்கோர் அட்டையில் அந்த வரியே கிடையாது. டாஸ் வென்றது யார், நடுவர்கள் யார், வைடு எத்தனை, நோ பால் எத்தனை, எல்லாம் இருக்கும். வந்தவர்கள் எத்தனை பேர்? இல்லை. ரஞ்சிக்குக் கூட்டம் குறைந்துவிட்டது என்று எல்லாரும் சொல்கிறோம், நானும் சொல்கிறேன். எதிலிருந்து எதற்குக் குறைந்தது என்று கேட்டால் கண்ணால் கண்டதைத்தான் சொல்ல முடியும். எண்ணத் தேவையில்லை என்று யாரோ ஒரு காலத்தில் முடிவு செய்திருக்கிறார்கள். அல்லது யாருக்கும் அது தோன்றவே இல்லை. இரண்டாவதுதான் உண்மையாக இருக்க வேண்டும், அதுதான் மோசமும்கூட.

இந்தக் கோப்பையின் முதல் ஆட்டம் நடந்ததே நமக்குப் பக்கத்தில்தான். 1934 நவம்பர் 4, சேப்பாக்கம், மதராசும் மைசூரும். ஏ.ஜி. ராம்சிங் இரண்டு இன்னிங்சிலும் சேர்த்து 11 விக்கெட் எடுக்க, ஆட்டம் ஒரே நாளில் முடிந்துபோனது. அப்போது சித்தூர் மதராஸ் மாகாணத்தில் ஒரு மாவட்டம். 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர் அங்கே போனது. அந்தப் பருவத்திலேயே ஆந்திரா தனி அணியாக ரஞ்சிக்குள் வந்தது. 1960இல் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி மதராஸ் பக்கம் போனது, சித்தூர் ஆந்திராவிலேயே நின்றது. ஆக, ஏட்டின்படி எங்கள் பக்கத்து ஆட்களின் சொந்த அணி ஆந்திரா, பெரிய சொந்த மைதானம் விசாகப்பட்டினம். ஒரு இரவு முழுக்க ரயிலில் போக வேண்டும். சேப்பாக்கம் பஸ்ஸில் மூன்று நான்கு மணி நேரம். குப்பத்துக்காரர்களுக்கு பெங்களூரு சின்னசாமி மைதானம் அதைவிடக் கிட்டம். அங்கே தினம் வேலைக்கு ரயிலில் போய் வருகிறவர்களே இருக்கிறார்கள். மாநில எல்லை ஒருபக்கம் போனது, கிரிக்கெட் மோகம் இன்னொரு பக்கம் போனது. திருப்பதியில் மஞ்சள் சட்டையும் பெங்களூரின் சிவப்புச் சட்டையும் விற்கிற பிளாட்பாரக் கடையில் ஆந்திரா ரஞ்சி அணியின் சட்டை என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்.

சேப்பாக்கம் எங்களுக்கு முதலில் காது வழியாகத்தான் வந்தது. பொங்கலை ஒட்டி அங்கே டெஸ்ட் நடந்தபோது சென்னை வானொலியில் தமிழ் வர்ணனை வந்தது. அப்துல் ஜப்பாரின் குரல் சித்தூர் வீடுகளில் தெளிவாகவே கேட்டது. ஒரு ஓவரில் ஒன்றுமே நடக்கவில்லை என்றாலும் அந்த ஒன்றுமில்லாததை வர்ணனையாளர்கள் சொல்லித்தான் ஆக வேண்டும்: பந்து எங்கே விழுந்தது, மட்டையாளர் ஏன் விட்டுவிட்டார், ஸ்லிப்பில் நிற்பவர் எத்தனை அடி நகர்ந்தார், பெவிலியன் முனையில் நிழல் எதுவரை வந்திருக்கிறது. நிகழாத ஓவரைப் பார்க்கக் கற்றுக்கொடுத்த பள்ளிக்கூடம் அது. கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள்தான் நேரில் போனபோது ஐந்து நாளும் உட்கார்ந்தார்கள்.

அப்படி உட்காரப் பழகிய கூட்டம் என்ன செய்யும் என்பதற்கு 1999 ஜனவரி 31ஐக் காட்டலாம். பாகிஸ்தானுக்கு எதிராக 271 ரன் இலக்கு. முதுகு வலியோடு சச்சின் 136 அடித்து ஆட்டமிழந்தார். மீதி விக்கெட்டுகள் சரசரவென்று விழுந்து 258இல் முடிந்தது. 12 ரன்னில் தோல்வி. கார்கில் வருடம், எல்லைப் பதற்றம், ஆடவே கூடாது என்ற மிரட்டல் எல்லாம் இருந்த வருடம் அது. சேப்பாக்கத்துக் கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. வாசிம் அக்ரமின் அணி மைதானத்தைச் சுற்றி ஓடி வந்தது. அதைப் பெருந்தன்மை என்று எல்லாரும் எழுதினார்கள். எனக்கு அது முழுக்கப் பெருந்தன்மையாகப் படவில்லை. நான்கு நாள் முழுக்க ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு சக்லைன் முஷ்டாக் எத்தனை நன்றாகப் போட்டார் என்பது தெரிந்திருந்தது. தெரிந்ததற்குக் கை தட்டினார்கள், அவ்வளவுதான்.

இனி 2025 ஜனவரிக்கு வருவோம். விராட் கோலி 12 ஆண்டுகளுக்கு மேல் கழித்து ரஞ்சி ஆட வருகிறார், டெல்லியில், ரயில்வே அணிக்கு எதிராக. நுழைவு இலவசம். 30ஆம் தேதி விடியற்காலையிலேயே வரிசை. வாசலில் தள்ளுமுள்ளு, சிலருக்குக் காயம். யாரும் எதிர்பார்க்காத அளவுக்கு ஆயிரக்கணக்கில் ஆள் உள்ளே வந்து, கூடுதல் வாசல்களைத் திறக்க வேண்டியிருந்தது. ரஞ்சிக்கு மறுபிறவி என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். அன்று பெரும்பகுதி டெல்லி பந்து வீசியது. மறுநாள் கோலி மட்டையோடு வந்தார். நேராக ஒரு பவுண்டரி அடித்தார். அடுத்த பந்தில் ஹிமான்ஷு சங்வான் அவருடைய ஆஃப் ஸ்டம்பைப் பறக்கவிட்டார். 15 பந்து, 6 ரன். கூட்டம் எழுந்தது, வாசலைப் பார்த்து நடந்தது. டெல்லி பிறகு இன்னிங்ஸ் வித்தியாசத்தில் வென்றது. அதைப் பார்க்க, வழக்கமாக வருகிறவர்கள் இருந்திருப்பார்கள்.

திருப்பதிக்காரனுக்கு இது பழகிய காட்சி. பத்து மணி நேரம், இருபது மணி நேரம் காத்திருந்து, சன்னதிக்கு முன்னால் போய் நின்று கண்ணை நிமிர்த்துவதற்குள் ‘ஜருகண்டி, ஜருகண்டி’ என்று நகர்த்திவிடுவார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தரிசனத்தின் இயல்பே அது; பெருமாள் ஒன்றும் செய்துகாட்ட வேண்டியதில்லை, இருந்தால் போதும். அரை நிமிடம் பார்த்தவன் முழுதாகப் பார்த்தவன்தான். ஆனால் ஆட்டம் அப்படிப்பட்டதல்ல. அரை நிமிடம் ஆட்டத்தைப் பார்த்தவன் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. நாமோ இப்போது மைதானத்துக்கும் தரிசனத்துக்குத்தான் போகிறோம். சேப்பாக்கத்திலேயே, ஐ.பி.எல். ஆட்டங்களில் அப்போது சென்னை அணியில் இருந்த ஜடேஜா அவுட் ஆனால் ஆரவாரம் எழுந்தது. அடுத்து தோனி வருவார் என்பதால். தான் மேலே இறங்கி ஆடினால் தான் அவுட் ஆவதற்காகக் காத்திருப்பார்கள் என்று 2023இல் ஜடேஜாவே சிரித்துக்கொண்டு சொன்னார். சொந்த அணியின் விக்கெட் விழ வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் சொந்த ஊர் ரசிகர்கள். சிரிக்கத்தான் முடியும், அவரும் சிரித்தார்.

அப்படியானால் ரஞ்சி மைதானம் ஏன் காலியாக இருக்கிறது என்பது புரிகிறது. அங்கே மூலவர் இல்லை. உற்சவர்கூட அபூர்வம்.

அந்த டெல்லி ஆட்டம் முடிந்து மூன்று வாரத்தில், பிப்ரவரி 21ஆம் தேதி, அகமதாபாத்தில் நடந்ததைப் பாருங்கள். ரஞ்சி அரையிறுதி, கேரளாவும் குஜராத்தும். கேரளா முதல் இன்னிங்சில் 457. ஐந்தாம் நாள் காலை வரை நீண்ட குஜராத்தின் இன்னிங்ஸ் 455க்கு வந்து நிற்கிறது, கடைசி ஜோடி. இன்னும் மூன்று ரன் எடுத்தால் முன்னிலை, முன்னிலை கிடைத்தால் இறுதிப் போட்டி. ஆதித்ய சர்வாதே போட்ட பந்தை அர்சன் நாக்வஸ்வாலா ஓங்கி அடித்தார். ஷார்ட் லெக்கில் குனிந்து நின்ற சல்மான் நிசாரின் ஹெல்மெட்டில் பந்து மோதி மேலே எழும்பி, முதல் ஸ்லிப்பில் நின்ற கேப்டன் சச்சின் பேபியின் கைக்குள் விழுந்தது. 2017இல் விதி மாறியிராவிட்டால் அது அவுட்டே இல்லை. இரண்டே ரன் முன்னிலை; ரஞ்சி வரலாற்றில் முதல் தடவையாகக் கேரளா இறுதிப் போட்டிக்குப் போனது. கதையில் எழுதினால் ஆசிரியர் அடித்துவிடுவார், நம்பும்படி இல்லை என்று. இது நடந்த மைதானம் உலகத்திலேயே பெரியது, 1,32,000 பேர் உட்காரலாம். இருக்கைகள் வரிசை வரிசையாக வெறிச்சோடிக் கிடந்தன. அந்தக் காட்சியை மறுநாள் கைபேசியில் லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன். பந்து ஹெல்மெட்டில் பட்டு எழும்புகிற அந்தத் துண்டை மட்டும். அந்த ஐந்து நாளில் மற்றபடி என்னென்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. தரிசனம் ஆயிற்று, நகர்ந்துவிட்டேன்.

யார் குற்றம் என்று கேட்டால் ரசிகனைக் கைகாட்டுவது சுலபம். அவனுக்கும் நியாயம் இருக்கிறது. லீக் சுற்றின் நான்கு நாள் ஆட்டங்கள் பெரும்பாலும் வாரநாட்களில் நடக்கின்றன. பெரும்பாலான மைதானங்களில் நிழல் இல்லை, சுத்தமான கழிப்பறை இல்லை, குடிக்கத் தண்ணீர் தேடிப் போக வேண்டும். ஆட்டம் எங்கே, என்றைக்கு என்று ஊருக்குள் ஒரு போஸ்டர்கூட ஒட்டுவதில்லை. மாங்கூழ் ஆலையில் ஷிஃப்ட் பார்க்கிறவன் லீவு போட்டு, கூரையில்லாத கேலரியில் உட்கார்ந்து, பெயர் தெரியாத இருவர் மட்டை பிடிப்பதை எதற்குப் பார்க்க வேண்டும்?

அவன் வரவேண்டும் என்று யாரும் விரும்பியதாகவும் தெரியவில்லை. 2022 ஜூனில் ஐந்து வருட ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விலை போனது. அந்தக் கணக்கில் வாசலில் கிழிக்கும் டிக்கெட் எங்கே நிற்கும்? 2020இல் ஐ.பி.எல். அரபு அமீரகத்தில் ஆளில்லாத மைதானங்களில் நடந்தது. பதிவு செய்து வைத்த ஆரவாரத்தைப் போட்டு ஒளிபரப்பினார்கள். வீட்டில் பார்த்தவர்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கூட்டம் இல்லாமலே கூட்டத்தின் சத்தம் கிடைக்கும் என்று தெரிந்துபோன பிறகு, கூட்டத்துக்கு மிச்சமிருந்த வேலை கேமராவில் அழகாகத் தெரிவது ஒன்றுதான். சேப்பாக்கத்தில் இன்னொரு விதமான பாடம். 2011 உலகக் கோப்பைக்காகக் கட்டிய ஐ, ஜே, கே என்ற மூன்று கேலரிகள், சுமார் 12,000 இருக்கைகள், அனுமதிச் சிக்கலில் 2012 முதல் பல ஆண்டுகள் பெரும்பாலும் பூட்டியே கிடந்தன. வெளியே டிக்கெட் கிடைக்காமல் கள்ளச்சந்தையில் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள், உள்ளே இருக்கைகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. அந்த வருடங்களிலும் கிரிக்கெட் வாரியத்தின் வருமானம் ஏறிக்கொண்டேதான் போனது.

மைதானத்துக்குக் கூட்டம் குறைகிறது என்று எழுத உட்கார்ந்த ஆண்டு 2025. அதே ஆண்டை எங்கள் பக்கம் வேறு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கும். ஜனவரி 8 இரவு, திருப்பதியில், வைகுண்ட வாசல் தரிசன டோக்கனுக்காகக் காத்திருந்த கூட்டத்தில் நெரிசல். ஆறு பேர் இறந்தார்கள். ஜூன் 3 அன்று, அதே அகமதாபாத் மைதானத்தில், பிப்ரவரியில் காலியாகக் கிடந்த அதே இருக்கைகள் நிரம்பி வழிய, பெங்களூரு அணி தன் முதல் ஐ.பி.எல். கோப்பையை வென்றது. மறுநாள் சின்னசாமி மைதானத்தில் கொண்டாட்டம். சுமார் 35,000 பேருக்கு இடமுள்ள மைதானத்தைச் சுற்றி லட்சக்கணக்கில் ஆள். வாசல்களில் நெரிந்து 11 பேர் இறந்தார்கள். செப்டம்பரில் கரூரில், ஒரு நடிகரின் அரசியல் கூட்டத்தில் 41 பேர். முதல் இரண்டு இடத்திலும் செத்தவர்கள் எதையும் பார்க்கவில்லை. டோக்கன் கிடைக்கவில்லை, கோப்பை கண்ணில் படவில்லை. வந்து சேர்ந்தார்கள், அவ்வளவே. கூட்டத்தை அழைக்கத் தெரிந்தவர்களுக்கு அதை வைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்று விசாரணைகள் சொல்லும், சொல்லியும் விட்டன. ஆனால் சின்னசாமி மைதானத்தில் கர்நாடகா ரஞ்சி ஆடுகிற ஒரு நாளில் எந்த வாசல் வழியாகவும் எந்த நெரிசலும் இல்லாமல் உள்ளே போகலாம் என்பதை யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் எடுபட்டிருக்காது.

இதற்கு மறுபக்கமும் ஒன்று இருக்கிறது. 2024 செப்டம்பரில் துலீப் கோப்பை ஆட்டங்களை அனந்தபுரத்துக்குக் கொண்டுவந்தார்கள். வின்சென்ட் ஃபெரர் தொடங்கிய ஊரக வளர்ச்சி அறக்கட்டளையின் மைதானம். எங்கள் ராயலசீமையின் வறண்ட மறுகோடி. பெரிய நகரம் இல்லை, பெரிய கேலரி இல்லை. கூட்டம் வந்தது. பஸ் பிடித்து, பைக்கில் மூன்று பேராக வந்தார்கள். ஒருவர் மைதானத்துக்குள் ஓடி ருதுராஜ் கெய்க்வாடின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். ஆக, தரிசனக்காரர்கள் அங்கேயும் உண்டு, நான் சொல்வதற்கு அது சாதகம்தான். ஆனாலும் ஒரு சின்ன ஊருக்குப் பெரிய ஆட்டம் வரும்போது ஊர் எப்படி வருகிறது என்பதை அங்கே பார்க்க முடிந்தது. நட்சத்திரத்தைப் பார்க்க வந்தவன் நட்சத்திரம் அவுட் ஆனபிறகு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால், அடுத்து இறங்குகிறவன் யார் என்று பக்கத்தில் இருப்பவனைக் கேட்பான். ரசிகன் அந்தக் கேள்வியில்தான் உருவாகிறான். பெருநகரத்தின் லட்சம் இருக்கைக்குள் நாற்பது பேரைச் சிதறவிடுவதைவிட, ஐயாயிரம் பேர் கொள்ளும் சின்ன ஊர் மைதானத்தில் இரண்டாயிரம் பேரை உட்காரவைப்பது எவ்வளவோ மேல். தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் ரஞ்சி ஆட்டங்களைக் கோவை, சேலம், திண்டுக்கல் என்று கொண்டுபோவதில் அந்த அளவுக்கு விவேகம் இருக்கிறது. ஆந்திரச் சங்கத்தின் கண்ணுக்குச் சித்தூரும் திருப்பதியும் எப்போது தெரியுமோ. மலைக்கு வருகிற கூட்டத்தில் நூறில் ஒரு பங்கு திரும்பிப் பார்த்தாலும் போதும்.

அதுவரை எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சேப்பாக்கம்தான். ரஞ்சி அக்டோபரில் தொடங்கும். சித்தூரிலிருந்து ராணிப்பேட்டை வழியாகச் சென்னைக்கு பஸ் நிறைய உண்டு. விடிகாலையில் ஏறினால் முதல் பந்துக்கே போய்விடலாம். பெரும்பாலும் டிக்கெட் வாங்க வேண்டியதில்லை. தொப்பி கொண்டுபோங்கள், சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். யார் ஆடுகிறார்கள் என்று முன்கூட்டியே பார்த்துவிட்டுப் போகாதீர்கள். தேநீர் இடைவேளை முடிந்ததும் கிளம்பிவிடவும் வேண்டாம். பந்து நன்றாகச் சுழல ஆரம்பிப்பதே அதற்குப் பிறகுதான்.